ஒரு நாள் விட்டு ஒரு நாள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க ஆறு மணிக்கே இந்தச் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்துக்கு வந்துவிட்ட பெரியவர்களே, வணக்கம்.

அடுத்தவரைச் சம்மதிக்க வைக்கும் பேச்சு பிறவியில் வருவதா, பழக்கத்தில் வருவதா? பழக்கத்தில்தான் என்பது எங்கள் அணி. 'செந்தமிழும் நாப்பழக்கம்' என்று ஆரம்பிப்பேன் என எதிரணித் தலைவர் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார். மூடிவிடுங்கள் ஐயா. நான் பேச வந்தது காதுப் பழக்கத்தைப் பற்றி.

சற்று முன் பேசிய அக்கா, மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் சம்பந்தனைக் காட்டி, 'அந்த வசீகரம் பிறப்பிலேயே வந்தது' என்றார். இந்த ஊரில் பிறந்தவரையே இந்த ஊரில் எங்களுக்கு எதிராகச் சாட்சிக்கு இழுக்கிறார்! சரி, கணக்குப் பார்ப்போம். மலாயா சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தொழிலாளிக்கு வேலையும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் சேர்ந்தே போயின. தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்க, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சம்பந்தன் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி, அதாவது அந்தக் கால மலாயா டாலர்; மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். கூலிக்காரன் வசீகரத்தைப் பார்த்து முதல் மாதம் கொடுப்பான். இரண்டாம் மாதம் வீட்டுக்காரி விடுவாளா? அதனால்தான் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. அப்படிச் சேர்ந்த காசில்தான் 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. இதில் பிறவி எங்கே இருக்கிறது அக்கா?

சில பிள்ளைகள் பிறந்ததிலிருந்தே வாயாடிகள், ஒத்துக்கொள்கிறேன். வாயாடியை நம்பி யார் காசு கொடுத்திருக்கிறீர்கள்?

என் பாட்டி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். உளியைக் கையில் கொடுத்ததும் யாருக்கும் வெட்ட வந்துவிடாது என்பார். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அந்த இடம் முண்டு முண்டாக வீங்கிவிடும், பிறகு அங்கே பட்டை சீராக வளராது. மேலோட்டமாகச் சீவினால், பால் பிடிக்க வைத்த மங்குக் கிண்ணத்தில் பால் விழாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது காகிதக் கனம். இருட்டோடு இருட்டாகப் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓடாது. இன்னொன்று, இன்று வெட்டிய மரத்தை நாளை தொடக்கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

இது எனக்கு எப்போது புரிந்தது தெரியுமா? தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டுக்குப் பிள்ளை சேர்க்க வீடு வீடாகப் போன வருஷம். முதல் வீட்டில் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தாய்மொழியின் பெருமை பேசினேன். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். வாசலுக்கு வந்ததும், 'யோசித்துச் சொல்கிறோம் சார்.' மறுநாளே மறுபடி போனேன். கதவு திறக்கவில்லை, உள்ளே டிவி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மரத்தைக் காயப்படுத்திவிட்டேன்.

அப்புறம் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகம் வாங்கினேன். ஒவ்வொரு வீட்டை விட்டு வந்ததும் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே எழுதுவேன்: அவர்கள் என்ன கேட்டார்கள், எந்த இடத்தில் நான் குறுக்கே பேசினேன். முதல் பக்கங்களில் என் வாய்தான் நிறைந்திருந்தது, அவர்கள் கேட்டதாக ஒரு வரி கிடையாது. வெட்கமாகத்தான் இருந்தது. பல வாரங்கள் கழித்துத்தான் அது மாறத் தொடங்கியது.

அந்த அம்மா வீட்டுக்கு மூன்றாம் முறை போனபோது கோப்பு இல்லை. கோப்பி ஆறும்வரை சும்மா இருந்தேன். அவராகவே சொன்னார்: 'வேன் ஆறு மணிக்கு வருது சார். நானும் அவரும் அஞ்சரைக்கே ஃபேக்டரி பஸ் ஏறிடுவோம். அந்த அரை மணி நேரம் பிள்ளையை யார் பார்ப்பா?' இதுதான் விஷயம்! தாய்மொழிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேசினோம், முடிந்தது. ஒரு வாக்கியம்கூட அழகாகப் பேசவில்லை நான்.

அந்தப் பையன் இப்போது இரண்டாம் ஆண்டு. அடுத்த வருஷம் தங்கச்சியின் முறை. ஆனால் வேன்காரர் கட்டணத்தை ஏற்றிவிட்டார், அம்மா மறுபடியும் 'யோசித்துச் சொல்கிறோம்' என்கிறார். போன ஞாயிறு போனேன். இந்த ஞாயிறு போகமாட்டேன், அடுத்த ஞாயிறுதான். நடுவர் அவர்களே, மணியடிக்க வேண்டாம், உட்கார்ந்துவிட்டேன்.