உங்கள் பேட்ரன் என்ன கேட்கிறார்?

வணக்கம் மக்களே! டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கூடி உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு. அதில் வார்லாக் என்பவர் ஒரு பெரிய சக்தியோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் வாங்குகிற ஆள். அந்தச் சக்தியைக் கொடுக்கிறவர்தான் பேட்ரன். அந்தப் பேட்ரனை நாமே உருவாக்குவது எப்படி? இன்றைக்கு அதுதான் பேச்சு.

2014-இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்கிற விதிப்புத்தகத்தில் மூன்று வகை பேட்ரன்கள் இருந்தன: ஆர்ச்ஃபே (மாய உலகத்து அரசர்), ஃபீண்ட் (நரகத்துப் பேய்), கிரேட் ஓல்ட் ஒன் (யாருக்கும் புரியாத ஆதி ஜீவன்). ஃபீண்ட் எடுத்தவர் நெருப்பு மந்திரத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கொடுத்தவர் பதிலுக்கு என்ன கேட்டார் என்பது யாருக்கும் நினைவிருக்காது. அதனால் சக்தியைக் கடைசியில் யோசியுங்கள். ஆசாமிக்கு என்ன வேண்டும், அவர் எல்லை எதுவரை, பாக்கி வைத்தால் என்ன செய்வார்? முதலில் இதை எழுதுங்கள்.

நமக்கு இதெல்லாம் புதிதா என்ன? சென்னை பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் புது வண்டிக்குப் பூஜை போடுவதைப் பாருங்கள். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம், சாமிக்குச் சுருட்டு. உலகத்தையே அழிக்கச் சொல்கிற பேட்ரனை மறந்துவிடுவோம், சுருட்டு கேட்பவரை மறக்க மாட்டோம். ஆனால் ஜனங்கள் கும்பிடுகிற சாமியை அப்படியே ஆட்டத்துக்குள் இழுக்காதீர்கள். வேண்டுதல் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதிய பேட்ரன் பெயர் உப்புக்காரி. மயிலாப்பூர் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயில் இருக்கிறாள். ஒரு காலத்தில் அந்த வழியாக உப்புப் படகுகள் போய்வந்தன. இப்போது பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. கோபம் வராதா அவளுக்கு? அமாவாசைக்கு அமாவாசை ஒரு படி உப்பு வேண்டும். கடையில் வாங்கக் கூடாது, விளக்கு வைத்த பிறகு யார் வீட்டிலாவது கேட்டு வாங்க வேண்டும். அந்த நேரத்தில் யார் உப்புக் கொடுப்பார்கள்? எங்கள் ஆட்டத்தில் ஒரு ராத்திரி முழுக்க அந்த உப்புக்கே போய்விட்டது. குகையில் டிராகன் காத்துக்கொண்டிருந்தது, பாவம்.

பாக்கி வைத்தால் சக்தியைப் பிடுங்கலாமா? வேண்டாம். இரண்டாம் லெவலிலிருந்து பத்தாம் லெவல் வரை வார்லாக்குக்கு இருப்பதே இரண்டு ஸ்பெல் ஸ்லாட், அதாவது மந்திரம் போட இரண்டே வாய்ப்பு. ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தால்தான் அவை திரும்பும். அதையும் பிடுங்கினால் அந்த ஆள் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ஸ்லாட்டைத் தொடுவதே இல்லை. ஓய்வு முடிந்து எழுந்தால் கூட்டாளிகள் எல்லாருடைய குடிதண்ணீரும் கரிக்கும். இன்னும் இழுத்தடித்தால் காயம் ஆற்றுகிற ஹீலிங் போஷனும் கரிக்கும், பாதிதான் வேலை செய்யும். அப்புறம் ஆட்டத்தை நடத்துகிற டி.எம். வாயே திறக்க வேண்டாம். "யாருப்பா அவளுக்கு பாக்கி வச்சது?" என்று கூட்டாளிகளே பிடித்துக்கொள்வார்கள்.

2024-இல் வந்த புது ஹேண்ட்புக்கில் பேட்ரன் வகையைத் தேர்ந்தெடுப்பது மூன்றாம் லெவலுக்குப் போய்விட்டது. சிலருக்கு அதில் வருத்தம், எனக்குக் கொண்டாட்டம். முதல் இரண்டு லெவலில் யாரென்றே சொல்லாமல் உப்பு மட்டும் கேட்க வைக்கலாமே! சரி மக்களே, உப்புக்காரிக்கான இன்வோகேஷன்களை, அதாவது வார்லாக் தேர்ந்தெடுத்துக்கொள்கிற கூடுதல் சக்திகளை, அடுத்த வீடியோவில் எழுதுவோம்.