சின்ன வயது வீசிங் ஏன் திரும்பி வருகிறது?

[திரை: இரவு, படுக்கையறை. கடிகாரத்தில் 3.40. ஒருவர் எழுந்து உட்கார்ந்து இருமுகிறார்.]

குரல்: ஐந்து வயதில் வீசிங். மாதம் ஒருமுறை நெபுலைசர். பன்னிரண்டு வயதுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். இப்போது வயது முப்பத்தைந்து. சாதாரணச் சளி பிடித்தாலும் இருமல் மூன்று வாரம் நிற்பதில்லை. விடியற்காலையில் நெஞ்சு இறுகி விழிப்பு வருகிறது. இருமல் டானிக், ஆன்டிபயாடிக் எல்லாம் பார்த்தாயிற்று. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.

இப்படிப்பட்டவர்களிடம் பலமுறை கேட்கப்படாமல் போகும் கேள்வி ஒன்று உண்டு: "சின்ன வயதில் இளைப்பு இருந்ததா?" அன்று அடங்கிய ஆஸ்துமாவே இப்போது திரும்பியிருக்கலாம்.

[திரை: நியூசிலாந்து வரைபடம், டுனிடின் நகரம். எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக: 613 – 168 – 76]

குரல்: டுனிடின் நகரில் 1972, 73இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைச் சிறுவயதிலிருந்தே ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்து வருகிறார்கள். 2003இல் வெளியான முடிவில் 613 பேருடைய மூச்சுத் தகவல்கள் இருந்தன. அவர்களில் 168 பேருக்கு வீசிங் வந்து, பிறகு நின்றது. அந்த 168 பேரில் 76 பேருக்கு 26 வயதுக்குள் அது திரும்பிவிட்டது. ஏறக்குறைய பாதிப் பேர். கணக்கு 26 வயதோடு நிற்கிறது என்பதையும் கவனியுங்கள்.

யாருக்குத் திரும்பியது? வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிக்கு அலர்ஜி உள்ளவர்களுக்கும், மூச்சுக்குழல் எளிதில் சுருங்கும் தன்மை உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். எவ்வளவு சிறிய வயதில் வீசிங் தொடங்கியதோ, அவ்வளவுக்குத் திரும்பும் வாய்ப்பும் கூடியது.

[திரை: மூச்சுக்குழலின் குறுக்குவெட்டு. உள்சவ்வு, சுற்றிலும் தசை.]

குரல்: பதின்வயதில் உடம்போடு நுரையீரலும் வளர்கிறது, குழல்கள் அகலமாகின்றன. குழலின் ஆரம் பாதியானால் காற்றுக்கு எதிர்ப்பு 16 மடங்காகும். அதே கணக்கில், குழல் கொஞ்சம் அகலமானாலே மூச்சு மிகவும் லேசாகிவிடும். அதனால் இளைப்பு வெளியே தெரிவதில்லை. ஆனால் பலருக்கு உள்சவ்வின் அழற்சி முழுவதும் ஆறியிருக்காது, சுற்றியுள்ள தசை பழையபடியே சீண்டலுக்குச் சுருங்கும். நோய் அடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விலக்கு சொல்ல வேண்டும். மூன்று வயதுக்குள் சளி பிடிக்கும்போது மட்டும் வீசிங் வந்த குழந்தைகள் பலருக்கு அது ஆஸ்துமாவே இல்லை. குழல் சிறியது, வைரஸ் தொற்றில் அடைத்துக்கொண்டது. அலர்ஜியோ, தோல் கரப்பானோ, பெற்றோருக்கு ஆஸ்துமாவோ இல்லையென்றால் அவர்களுக்குத் திரும்பும் பயம் குறைவு.

[திரை: பேக்கரி மாவு, ஸ்ப்ரே பெயின்ட், கொசுவர்த்தி, கண் சொட்டு மருந்து.]

குரல்: அடங்கியதை எழுப்புவது எது? சிகரெட் முதலில். அடுத்தது வேலை: பேக்கரி மாவுத்தூசி, கார் பெயின்ட் ஸ்ப்ரேயில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம், முடிக்கு நிறம் நீக்கும் பவுடர். விடுமுறையில் இருமல் குறைந்து, வேலைக்குப் போனதும் கூடுகிறதா என்று பாருங்கள். அது பெரிய தடயம். உடல் எடை கூடுதல், கவனிக்காமல் விட்ட மூக்கு அலர்ஜி, மூடிய அறையில் கொசுவர்த்திப் புகை, இவையும் உண்டு.

பலர் தவறவிடுவது மருந்துகள். ரத்த அழுத்தத்துக்கோ படபடப்புக்கோ தரும் புரோப்ரனலால், கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு, இரண்டும் மூச்சுக்குழலைச் சுருக்கும். கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியாக ரத்தத்துக்குப் போய்விடும். கண் டாக்டரிடம் பழைய வீசிங்கைப் பற்றி யாரும் சொல்வதில்லை! சிலருக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வலி மாத்திரைகளிலும் இளைப்பு வரும்; மூக்கில் சதை வளர்ந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

[திரை: ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதும் பெண்.]

குரல்: சந்தேகம் வந்தால் அளந்து பார்க்க வேண்டும். ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரியில் ஒருமுறை ஊதச் சொல்வார்கள். மூச்சுக்குழலைத் தளர்த்தும் சால்பூட்டமால் மருந்து கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால், அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கையில், ஆஸ்துமா உறுதியாகும். எங்கே பிழை வருகிறது? காலையில் இன்ஹேலர் இழுத்துவிட்டு வந்தால் முதல் ஊதலே நன்றாக இருக்கும், வித்தியாசம் தெரியாது. எந்த மருந்தை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும் நாளில் ஊதி, நார்மல் என்று வந்தாலும் ஆஸ்துமா இல்லை என்று ஆகாது.

அதற்குத்தான் பீக் ஃப்ளோ மீட்டர், ஊதும் வேகத்தை வீட்டிலேயே அளக்கும் சிறு கருவி. நின்றுகொண்டு, மூச்சை முழுவதும் இழுத்து, சட்டென்று ஊத வேண்டும். மூன்றுமுறை ஊதிப் பெரிய எண்ணைக் குறியுங்கள். காலை, இரவு என இரண்டு வாரம். காலை 320, இரவு 400 என்றால் வித்தியாசம் 80, சராசரி 360. அதாவது 22 சதவீத ஏற்ற இறக்கம். பெரியவர்களுக்கு இந்தத் தினசரி ஏற்ற இறக்கம் சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டினாலே கணக்கில் எடுக்க வேண்டும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் காசநோயை ஒதுக்கிவிட்டுத்தான் அடுத்ததைப் பேச முடியும். அரசு மருத்துவமனையில் இலவசம். படுத்தால் மூச்சுத் திணறி, காலும் வீங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

[திரை: இரண்டு இன்ஹேலர்கள் பக்கத்தில் பக்கத்தில்.]

குரல்: சிகிச்சையில் பழைய பழக்கம் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: இளைக்கும்போது மட்டும் நீல நிற சால்பூட்டமால் இரண்டு இழுப்பு. அது தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜீனா, 2019 முதல், பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டியவர்களுக்கும் சால்பூட்டமாலை மட்டும் தனியாகத் தருவதைப் பரிந்துரைப்பதில்லை. லேசான ஆஸ்துமாவுக்குக்கூட ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர்தான். பெரும்பாலும் புடசோனைடும் ஃபார்மோட்டரோலும் சேர்ந்தது. 200 டோஸ் உள்ள சால்பூட்டமால் வருடத்துக்கு மூன்று தீர்ந்தாலே கடும் இளைப்பு வரும் ஆபத்து கூடுகிறது.

ஸ்டீராய்டு என்றதும் பயம் வருகிறது. ஒரு இழுப்பில் 200 மைக்ரோகிராம் என்று வையுங்கள். கடும் இளைப்புக்கு ஒரு நாளைக்குத் தரும் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மில்லிகிராம், 200 மடங்கு. இன்ஹேலருக்குப் பயந்து மாத்திரையில் முடிவது நல்ல பேரமாகத் தெரியவில்லை. கர்ப்பமானதும் பலர் இன்ஹேலரை நிறுத்திவிடுகிறார்கள்; கட்டுப்படாத ஆஸ்துமாதான் தாய்க்கும் சிசுவுக்கும் அதிக ஆபத்து.

[திரை: கை அசைவுகள், மெதுவாக.]

குரல்: இனி இழுக்கும் முறை. பம்ப் வகையைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக இழுக்கத் தொடங்கியதும் அழுத்துங்கள். நான்கைந்து நொடி இழுத்து, 10 நொடி நிறுத்துங்கள். அடுத்த இழுப்புக்கு அரை நிமிட இடைவெளி. இன்ஹேலரோடு பொருத்தும் குடுவையான ஸ்பேசர் இருந்தால் மருந்து தொண்டையில் படிவது குறையும். கேப்சூல் போடும் பவுடர் வகைக்கு நேர்மாறு: வேகமாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும், கருவிக்குள் ஊதக் கூடாது. இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள் இந்த வேகத்தை மாற்றிப் போடுவதுதான் அடிக்கடி நடப்பது. கேப்சூலை விழுங்கியவர்களும் உண்டு. ஸ்டீராய்டு இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் படலம் பிடிக்கும்.

[திரை: சிவப்புப் பின்னணி. 108.]

குரல்: ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலமாகிறது, பீக் ஃப்ளோ உங்கள் சிறந்த எண்ணில் பாதிக்கும் கீழே: இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசரில் சால்பூட்டமால் ஒவ்வொரு இழுப்பாக, நான்கு முதல் பத்து வரை. படுக்க வைக்க வேண்டாம்.

[திரை: டப்பாவின் மேல் பேனாவால் தேதி எழுதும் கை.]

குரல்: அந்த நேரத்தில் டப்பா காலியாக இருந்தால்? தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது நம்பத்தகாதது. குலுக்கினால் சத்தம் கேட்பதும் மருந்து இருப்பதற்கு அடையாளம் இல்லை; மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மிச்சமிருக்கும். எண்ணும் கருவி உள்ளதை வாங்குங்கள். இல்லாவிட்டால், திறந்த தேதியை டப்பாவின் மேலேயே எழுதுங்கள்: தினமும் நான்கு இழுப்பு என்றால் 200 டோஸ் 50 நாள்.