சிந்த்வினில் போன மாடுகள்

விழாத் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடைக்குப் பதில் ஈரிழைத் துண்டு போர்த்திய விவசாயிகள் சங்கச் செயலாளர் அவர்களே, தூறலிலும் பந்தல் போட்டுக்கொடுத்த ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானியத் தளபதி கோட்டோகு சாட்டோவைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். 1938இல் சோவியத் எல்லையில் அவர் போரிட்டது, இரண்டாம் உலகப்போரில், 1944இல், இன்றைய நாகாலாந்தின் கோஹிமாவில் நடந்தது, அதன்பின் அவருக்கு நேர்ந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கோஹிமாவுக்கே போய்விடுகிறேன்.

பசி வந்திடப் பத்தும் பறந்து போம்.

இந்தியாவைத் தாக்க சாட்டோவின் 31ஆவது டிவிஷன் மார்ச் மாதம் பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்தபோது கையில் இருந்தது ஏறத்தாழ மூன்று வாரச் சோறு. மேலதிகாரி முட்டகுச்சிக்கு ஒரு யோசனை. செங்கிஸ்கான் மந்தையோடு போனாரல்லவா, நாமும் மாடுகளை ஓட்டிப் போவோம், சுமையும் தூக்கும், பிறகு கறியும் ஆகும்! பர்மாக்காரன் வண்டியில் பூட்டிய மாடு அது. முதுகில் மூட்டை ஏற்றிப் பழக்கமுண்டா? எத்தனையோ மாடுகளை ஆறு கொண்டுபோனது. தப்பியவை மலைச்சரிவில் முன்கால் வழுக்கி, கட்டிய அரிசியோடு பள்ளத்தில் விழுந்தன. மாடு வளர்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். முட்டகுச்சி உங்களில் ஒருவரைக் கேட்டிருக்கலாம்.

கோஹிமாவில் ஒரு டென்னிஸ் மைதானத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குழி வெட்டிச் சண்டை. முற்றுகைக்குள் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு விமானத்திலிருந்து உணவு விழுந்தது. சாட்டோவின் ஆட்களுக்கு வாக்குறுதிதான் வந்தது. புல்லையும் வேரையும் தின்றார்கள். தந்திமேல் தந்தி அடித்துப் பார்த்தவர், மே இறுதியில், பின்வாங்காதே என்ற உத்தரவை மீறிப் படையைத் திருப்பினார். பசி வந்திடப் பத்தும் பறந்து போம். பதினொன்றாவதாக ராணுவக் கட்டுப்பாடும் பறந்தது. பதவியைப் பறித்தார்கள். ஜப்பானிய வழக்கப்படி வயிற்றைக் கிழித்துச் சாக மறுத்து, என்னை விசாரியுங்கள் என்றார் சாட்டோ. விசாரித்தால் முட்டகுச்சியின் கணக்கும் வெளிவருமே! மனநிலை சரியில்லை என்று மருத்துவர்களைச் சொல்லவைத்து முடித்துவிட்டார்கள்.

அங்கே அரிசி போய்ச் சேரவில்லை. இங்கே நெல் வந்து சேர்ந்தும் நனைகிறது. நம் கொள்முதல் நிலையத்தில் போன வாரம் ஒரு மூட்டைக்குள் கையை விட்டேன். விரல் நீளத்துக்கு முளை. கூரை கேட்டு நான்கு வருடம் ஆகிறது. நமக்கும் வாக்குறுதிதான் வருகிறது. எனவே மேடைக்கு இடப்புறம் மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அங்கேயே வைத்துவிடுங்கள். போன கூட்டத்தில் இரண்டு காணாமல் போயின.