பங்குனி, சித்திரைப் பண்டிகைகள்: அடுப்பு இல்லாத பாதிச் சமையல் பிள்ளைகளுக்கு

வணக்கம், எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? வெயில் ஏறிவிட்டது, மாங்காய் வந்துவிட்டது, வேப்பமரம் பூத்துவிட்டது. பங்குனி, சித்திரையில் வரும் பண்டிகைகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து எப்படிக் கொண்டாடலாம் என்று பேசத்தான் இந்த வீடியோ.

தீபாவளிக்கு என்ன செய்கிறோம்? எண்ணெய்ச் சட்டி காயும்போது, "கிட்ட வராதே, தள்ளிப் போ" என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டே இருக்கிறோம். இந்த இரண்டு மாதப் பண்டிகைகளுக்கு அந்தக் கவலை குறைவு. பானகம், நீர்மோர், வடைப்பருப்பு, பஞ்சாமிர்தம் எல்லாமே அடுப்பு தேவையில்லாத பண்டங்கள். வெயிலுக்கு உடம்பு குளிர வேண்டும் என்று பெரியவர்கள் வைத்த பட்டியல் இது. அதனால் சும்மா ஒரு கரண்டியைக் கையில் கொடுத்து உட்கார வைக்காமல், முழு வேலையையும் அவர்களிடமே விட்டுவிடலாம்.

ராம நவமிக்கு எங்கள் வீட்டில் பானகம் பிள்ளைகள் பொறுப்பு. ஒரு கப் பொடித்த வெல்லத்துக்கு நாலு, ஐந்து கப் தண்ணீர். வெல்லத்தை உரலில் தட்டுவதற்கே பெரிய போட்டி நடக்கும், தட்டட்டும். கரைந்ததும் துணியில் வடிகட்டச் சொல்லுங்கள், அடியில் நிற்கும் மண்ணைப் பார்த்தால் ஏன் வடிகட்டுகிறோம் என்று அவர்களுக்கே புரிந்துவிடும். அரை ஸ்பூன் சுக்குப் பொடி, கொஞ்சம் ஏலக்காய், ஒரு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். பச்சைக் கற்பூரம் போடுவது வழக்கம், ஆனால் சின்னப் பிள்ளைகள் குடிப்பதால் நான் சேர்ப்பதில்லை. கூடவே வடைப்பருப்பு. பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை நன்றாக வடித்து, துருவிய மாங்காயும் தேங்காயும் உப்பும் போட்டுப் பிசிறினால் முடிந்தது.

பங்குனி உத்திரத்துக்குப் பஞ்சாமிர்தம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலை வாழைப்பழம்தான் பேர்போனது, அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வீட்டில் நன்றாகப் பழுத்த எந்த மலைப்பழமும் போதும். பிள்ளைகள் கையைக் கழுவிவிட்டு விரலாலேயே பிசையட்டும், மிக்ஸியில் அடித்தால் கூழாகிவிடும். நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, நெய், தேன், ஏலக்காய். ஒரு வயது ஆகாத குழந்தை வீட்டில் இருந்தால் தேன் சேர்த்ததைக் கொடுக்கவே கூடாது, அதை மட்டும் மறக்காதீர்கள்.

காரடையான் நோன்பு அடைக்கு மாவு கிளறுவதும் ஆவியில் வேக வைப்பதும் நம் வேலை. மாவு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், வாழை இலையில் அடையைத் தட்டி நடுவில் ஓட்டை போடுவதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

அப்புறம் சித்திரை முதல் நாள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதற்கு முந்தின நாள் ராத்திரியே தாம்பாளத்தில் கனி அடுக்க வேண்டும். கண்ணாடி, மாம்பழம், வாழைப்பழம், பலாச்சுளை, வெற்றிலை பாக்கு, பூ, நகை, சில்லறைக் காசு. எதை எங்கே வைப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும், நாம் கை வைக்க வேண்டாம். விடிந்ததும் கண்ணைப் பொத்தி அழைத்து வந்து கனி காண வைக்கும்போது, தான் அடுக்கியதுதான் என்று தெரிந்தும் அவ்வளவு ஆவலாகக் கண்ணைத் திறப்பார்கள்.

மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டும். கடையில் காய்ந்த பூ பாக்கெட்டில் கிடைக்கிறது. ஆனால் தெருவில் ஒரு வேப்பமரம் இருந்தால், சாயங்காலம் அதன் அடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து வையுங்கள். காலையில் பூ உதிர்ந்து கிடக்கும். இதோ பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். அரிசி அளவுதான் இருக்கிறது, வெள்ளையாக ஐந்து இதழ், நடுவில் ஒரு சின்னக் குழல். இந்தக் காம்பையெல்லாம் ஆய்ந்து எடுக்கப் பிள்ளைகளின் சின்ன விரல்தான் சரி. அலசி நிழலில் உலர்த்தி டப்பாவில் போட்டால் ரசத்துக்கும் ஆகும்.

பச்சடி செய்யும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மாங்காயை மஞ்சள் தூளும் உப்பும் போட்டு முதலில் குழைய வேக வைத்துவிட வேண்டும். வெல்லத்தை முன்னாலேயே போட்டால் துண்டுகள் வேகாமல் விறைத்து நிற்கும். வெந்த பிறகு வெல்லப் பாகு, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டி, கடைசியாக நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்த வேப்பம்பூ. பிள்ளைக்குக் கசக்குமே என்று பூவை விட்டுவிடாதீர்கள். தானே பொறுக்கி ஆய்ந்த பூ என்றால் ஒரு வாயாவது சாப்பிட்டுப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் பழகினார்கள்.

மதுரைப் பக்கம் இருப்பவர்கள் சித்திரைத் திருவிழாவை விட்டுவிடாதீர்கள். மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்ததாகவும், திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் வரும் விழாவோடு சேர்த்தார் என்றும் சொல்வார்கள். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குவார் என்று பிள்ளைகளிடம் முதல் நாளே பந்தயம் வைத்துப் பாருங்கள். பச்சை என்றால் அந்த வருஷம் செழிப்பு என்பது நம்பிக்கை. செம்பில் சர்க்கரை நிரப்பி, மேலே வாழை இலை மூடி, சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டுவார்கள். அப்புறம் அந்தச் சர்க்கரையைப் பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள், பிள்ளைகள் கையை நீட்டினால் போதும். வழியெங்கும் பந்தலில் பானகமும் நீர்மோரும் கிடைக்கும். கூட்டம் மிக அதிகம், அதனால் உங்கள் போன் நம்பரைச் சீட்டில் எழுதிப் பிள்ளையின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். சின்னவர்களைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் வருஷப் பிறப்புக்குப் பிள்ளைகள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன். சரி, அடுத்த வீடியோவில் பார்ப்போம்.