கரைக்குக் கீழே குடியிருப்பவர்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் மாதவரத்தில் குடியிருக்கிறேன். வேலை பார்த்த காலம் முழுக்க ஏரிக்கரைகளிலேயே போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகும் ஐப்பசி பிறந்தால் வீட்டில் கால் தரிக்காது. ரெட்டேரிப் பக்கமோ புழல் பக்கமோ ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் தூக்கம் வரும்.

புழல் ஏரியைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவு, 21.20 அடி ஆழம் என்று நம்மில் பலருக்கு மனப்பாடமாகவே தெரியும். தினமும் நீர்மட்டம் பேப்பரில் வருகிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. செங்குன்றத்தைத் தாண்டி வடக்கேயும் மேற்கேயும் பேர்கூடத் தெரியாமல் கிடக்கிற சின்ன ஏரிகளும் தாங்கல்களும்தான் என் கவலை. பத்தடி, பன்னிரண்டடி உயரத்துக்கு ஒரு மண் கரை, தண்ணீர் திறந்துவிட ஒரு மதகு, ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து வெளியேற ஒரு கலங்கல். அவ்வளவுதான்.

இவையெல்லாம் வயலுக்காகக் கட்டியவை. இன்று பல இடங்களில் வயலே இல்லை, ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலம், முழுக்க பிளாட் போட்டாகிவிட்டது. ஏரிக்கு மிஞ்சியிருக்கிற வேலை ஒன்றுதான். அடைமழையில் வரும் வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தி, மெதுவாகக் கீழே அனுப்புவது. வெளிநாடுகளில் இதற்கென்றே கிராமப்புறங்களில் சின்னச் சின்ன மண் அணைகள் கட்டுகிறார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் காய்ந்தே கிடக்கும், வெள்ளம் வந்தால் மட்டும் நிறையும். நம் ஏரிகள் யாரும் திட்டம் போடாமலே அப்படி மாறிவிட்டன.

அன்றைக்குக் கரை உடைந்தால் நெல் போகும். இன்றைக்கு உடைந்தால் குழந்தை தூங்குகிற அறைக்குள் தண்ணீர் வரும். கரை என்னவோ அதே கரைதான், கீழே இருப்பதுதான் மாறிவிட்டது. இன்னொன்றும் மாறியிருக்கிறது. அன்று கரைக்குக் கீழே பயிர் வைத்தவர் மண்வெட்டியும் கையுமாகக் கரைமேல் நடப்பார். நண்டு வளை கண்டால் அன்றே அடைப்பார். இன்று அங்கே வீடு கட்டியிருப்பவருக்கு, தெருக்கோடியில் இருக்கிற மேடு ஏரிக்கரை என்பதே தெரியாது. மழைக்காலத்தில் அது என்னைத் தூங்கவிடாது.

சுமார் முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கார்த்திகை மாதம், ராத்திரி பதினோரு மணி இருக்கும். ஏரி கலங்கல் மட்டத்துக்கு நிறைந்துவிட்டது. நானும், ஏரிக் காவலும் மதகும் பார்க்கிற பணியாளரான லஸ்கரும் டார்ச் லைட்டோடு கரையின் வெளிப்பக்க அடியை ஒட்டி நடந்துகொண்டிருந்தோம். மதகுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் புல் மட்டும் ஆடியது. காற்று இல்லை. குனிந்து பார்த்தால், கட்டைவிரல் கனத்துக்குத் தண்ணீர் கொப்பளித்து வருகிறது. லஸ்கர் தன் சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, டார்ச்சை அதன்மேல் அடித்தார். "தெளிவா இருக்கு சார், பயமில்ல. ஆனா இங்கியே நிப்போம்" என்றார். கால் மணிக்கு ஒருதரம் மூடியில் பிடித்துப் பார்த்தோம். ஒன்றரை மணிக்குப் பிடித்தபோது மூடியின் அடியில் பொடி மணல் படிந்தது, தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. மூடியைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினார்.

எந்த மண் கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் அது தண்ணீர் மட்டும். கலங்கி வந்தால் கரையே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது என்று அர்த்தம். தண்ணீர் வெளியேறுகிற வாயில்தான் முதலில் மண் கழலும். அங்கிருந்து உள்நோக்கி, ஏரியைப் பார்த்துக் குழாய் மாதிரித் துளை வளரும். அது ஏரித் தண்ணீரைத் தொட்டுவிட்டால் அப்புறம் யார் வந்தும் பயனில்லை. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்ற பெரிய மண் அணை, 1976 ஜூன் 5 அன்று இப்படித்தான் போனது. காலையில் கலங்கிய நீர் கசிவது தெரிந்தது. அடைக்கப் போன இரண்டு புல்டோசர்களும் துளைக்குள் விழுந்தன. மதியம் பன்னிரண்டு அடிப்பதற்குள் அணை இல்லை.

அன்று ராத்திரி ஊர் ஜனம் வந்தது. அனுபவம் இல்லாதவர்கள் முதலில் செய்வது, கொப்பளிக்கிற வாயில் களிமண்ணைத் திணிப்பது. அது பெரிய தப்பு. ஒரு வாயை அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வாய் தேடும். நாங்கள் அதைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்று உறை மாதிரி வட்டமாக அடுக்கினோம். உள்ளே தண்ணீர் முழங்கால் அளவு நின்றதும் அதன் கனமே வேகத்தைக் குறைத்தது. பிறகு பெருமணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. விடியற்காலை லஸ்கர் மறுபடி மூடியில் பிடித்தார். தெளிவாக இருந்தது.

அந்த ஊற்று மதகின் பக்கத்தில் வந்தது தற்செயல் இல்லை. கட்டடமும் மண்ணும் சேரும் இடம் எப்போதும் பலவீனம்தான். கரையைக் குடைந்து தண்ணீர்க் குழாய் பதிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுவது இதனால்தான். குழாயின் முதுகை ஒட்டியே தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். கரைமேல் வளரும் சீமைக்கருவேலமும் அப்படியே. மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டுவிடுவார்கள். வேர் மக்கினால் உள்ளே சுரங்கம். நண்டு, எலி, பெருச்சாளி சொல்லவே வேண்டாம். கோடையில் பிளந்துபோன கரை, வெடிப்பு மூடுவதற்கு முன்பே முதல் புயலில் நிறைவதும் ஆபத்து. பயந்துபோய் ஏரியை ஒரே நாளில் காலி செய்தாலும் சங்கடம்தான். ஈரத்தில் ஊறிய உள்சரிவு, தண்ணீரின் முட்டு இல்லாமல் சரிந்து விழும்.

மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரி மாவட்டத்துத் திவாரே அணை 2019 ஜூலை 2 ராத்திரி உடைந்தது. சின்ன மண் அணைதான். சுமார் இருபது உயிர் போயிற்று. நண்டுகள் குடைந்ததுதான் காரணம் என்று அமைச்சர் ஒருவர் சொன்னார். கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நண்டு குடையும்தான், மறுக்கவில்லை. குடைந்ததைப் பார்த்துச் சொன்ன பிறகும் கை வைக்காமல் இருந்தால் அந்தப் பழியை நண்டின்மேல் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்து, தண்ணீர் கரையைத் தாண்டி வழிவது. கல் அணை இதைக் கொஞ்ச நேரம் தாங்கும், மண் தாங்காது. குஜராத்தில் 1979 ஆகஸ்ட் 11 அன்று மச்சு அணையின் மண் கரைகள்மேல் வெள்ளம் வழிந்து, கரை கரைந்து, மோர்பி நகரமே மூழ்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நம் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. அப்படி ஒரு மழையை எண்ணி எந்தப் பழைய கலங்கலையும் கட்டவில்லை.

கரையின் உயரம் என்பது அதன் மிகத் தாழ்ந்த இடத்தின் உயரம்தான். அரை மைல் கரை நெடுக ஒழுங்காக இருந்து, பைக் ஏறி இறங்க ஓரிடத்தில் ஓரடி வெட்டியிருந்தால், தண்ணீர் நேராக அங்கேதான் வரும். கலங்கல்மேல் பலகையோ மூட்டையோ வைத்து இன்னும் அரையடி தண்ணீர் தேக்குவதும் அதே கதைதான்.

2021இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில வகைகளுக்கும்தான். பன்னிரண்டடிக் கரை அதற்குள் வராது.

கலங்கல் சரியாக இருந்தாலும் அதற்குப் பின்னால் வழி வேண்டும். புழல் உபரிநீர் வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாகத்தான் எண்ணூருக்குப் போக வேண்டும். ரெட்டேரி உபரி தணிகாசலம் நகர் கால்வாயில் போகிறது. சின்ன ஏரிகளின் மறுகால் ஓடைகளுக்குப் பல இடத்தில் பேரும் இல்லை, தடமும் இல்லை. மேலே ரோடு இருக்கும், அதன் அடியில் ஒற்றைக் குழாய்.

உங்கள் தெருக்கோடியில் அப்படி ஒரு மேடு இருந்தால், மழை வெறித்த நேரத்தில் பகல் வெளிச்சத்தில் அதன் வெளிப்பக்க அடியை ஒட்டி நடந்து பாருங்கள். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், தனியாகவும் போக வேண்டாம். சுற்றிலும் காய்ந்திருக்கும்போது ஓரிடம் மட்டும் பச்சையாக, கால் புதைகிற மாதிரி இருந்தால் நில்லுங்கள். ஊற்று தெரிந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். கலங்கியிருந்தால் கரைக்குக் கீழே இருக்கும் வீடுகளை எழுப்பிவிட்டு, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077க்கோ மாநில எண் 1070க்கோ கூப்பிடுங்கள். 'ஏரி கசிகிறது' என்று மட்டும் சொன்னால் வருகிறவர்கள் இருட்டில் அரை மைல் தேட வேண்டியிருக்கும். மதகிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை அடி என்று எண்ணிச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.