120 பவுண்டு விடுதலை

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளியில் படித்த பாஸ்டன் துறைமுகமும் கடலில் வீசப்பட்ட தேயிலைப் பெட்டிகளும்தான் நினைவுக்கு வரும். அந்தப் போரில் களமிறங்கிய ஒரு காலாட்படையை, முதலாம் ரோட் ஐலண்ட் ரெஜிமென்டைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன். நெடுங்காலமாக என் மனத்தை விட்டு அகலாத படை அது. அதற்குக் காரணம் அது கண்ட போர்களைவிட, அதற்கு ஆள் சேர்த்த விதமே.

அமெரிக்காவில் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த பதின்மூன்று குடியேற்றங்களிலும் பரப்பளவில் மிகச் சிறியது ரோட் ஐலண்ட். அதன் நியூபோர்ட் துறைமுகத்து வணிகர்கள் ஆப்பிரிக்காவுக்கு ரம் ஏற்றி அனுப்பி, அதற்கு ஈடாக மனிதர்களை வாங்கி விற்றுச் செழித்தவர்கள். 1776 டிசம்பரில் அந்தத் துறைமுகத்தை ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கர்னல் கிறிஸ்டோபர் கிரீனின் தலைமையில் ரோட் ஐலண்ட் வீரர்கள் டெலவேர் ஆற்றங்கரையிலிருந்த மெர்சர் கோட்டையை ஆங்கிலேயருக்காகப் போரிட்ட ஜெர்மானியக் கூலிப்படையிடமிருந்து காத்தார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து, வாஷிங்டனின் படை வேலி ஃபோர்ஜ் என்ற இடத்தில் முகாமிட்டிருந்த குளிர்காலத்தில் பசியும் நோயும் படையைக் கரைத்துவிட்டன. ஊரில் புதிய ஆட்களும் கிடைக்கவில்லை.

இந்த நிலையில்தான் 1778 ஜனவரி 2 அன்று ரோட் ஐலண்ட் தளபதி ஜேம்ஸ் வார்னம், அமெரிக்கப் படைத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மிஞ்சியிருக்கும் வீரர்களை ஒரே அணியாக்கிவிட்டு, அதிகாரிகளை ஊருக்கு அனுப்பிக் கறுப்பினத்தவரைக் கொண்டு ஓர் அணி திரட்டலாம் என்பது அவருடைய யோசனை. 1775இல் கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க மறுத்தவர் இதே வாஷிங்டன்தான். தம் பக்கம் வரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாக வர்ஜீனியாவின் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர் அறிவித்த பிறகுதான், அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினத்தவரை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டார். இப்போதோ வார்னமின் கடிதத்தை மறுப்பேதும் எழுதாமல் ரோட் ஐலண்ட் ஆளுநருக்கு அனுப்பிவைத்தார்.

பிப்ரவரியில் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நேயர்கள் பொறுத்தருள வேண்டும். இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. உடல் தகுதியுள்ள எந்த அடிமையும், அவர் கறுப்பினத்தவரானாலும் செவ்விந்தியரானாலும், படையில் சேரலாம். கர்னல் கிரீனின் முன் நின்று ஏற்கப்பட்ட அந்தக் கணமே, ஒருநாளும் அடிமையாக இருந்திராதவரைப் போல அவர் முழு விடுதலை பெறுவார் என்றது சட்டம். எவ்வளவு உயர்ந்த வாசகம்! ஆனால் அடுத்த பிரிவுக்கு வாருங்கள். சாலைக்காக நிலத்தை எடுத்துக்கொள்ளும் அரசு அதை மதிப்பிட்டு உரியவருக்கு இழப்பீடு தருவதில்லையா, அதே முறைதான். மதிப்பீட்டுக் குழு ஒன்று ஒவ்வொருவரின் வயதையும் உடல்வாகையும் பார்த்து விலை குறிக்கும், உச்சவரம்பு 120 பவுண்டு, பணம் எசமானருக்கு. இன்னொரு பிரிவும் உண்டு: நோயாலோ வேறு காரணத்தாலோ அவர் பிழைக்க வழியற்றுப் போனால், பழைய எசமானர் செலவு செய்ய வேண்டியதில்லை, அரசே பார்த்துக்கொள்ளும். விடுதலை அளித்த அதே தாளிலேயே அவருடைய விலையும் எழுதப்பட்டது என்பதைத்தான் நான் மீண்டும் மீண்டும் சொல்ல விரும்புகிறேன்.

அந்தச் சட்டமன்றத்திலேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. அடிமைகளை விலைக்கு வாங்கி நம் உரிமைகளைக் காக்க அனுப்பினால், நாம் எந்தக் கொள்கைக்காகப் போராடுகிறோமோ அதற்கே அது முரணாகும், எதிரியும் நம்மை எள்ளி நகையாடுவான் என்று சில உறுப்பினர்கள் எழுத்தில் பதிவு செய்தார்கள். அவர்கள் முரணைச் சரியாகவே கண்டார்கள். ஆயினும் அதைத் தீர்க்க அடிமைமுறையை ஒழிக்கலாம் என்று கூறாமல், அடிமைகளைச் சேர்க்காதீர்கள் என்று கூறினார்கள். செலவு ஏறுமே என்ற கவலையும் அதே மனுவில் இருந்தது. ஜூன் மாதத்திலேயே அந்தக் கதவு அடைக்கப்பட்டுவிட்டது. அதற்குள் நூறு பேர் அளவில் விடுதலை பெற்றுச் சேர்ந்திருந்தார்கள்.

பயிற்சி பெறச் சில மாதங்களே கிடைத்த அவர்கள் 1778 ஆகஸ்ட் 29 அன்று போர்முனையில் நின்றார்கள். நியூபோர்ட்டை மீட்கக் கடல்வழி துணைக்கு வந்த பிரெஞ்சுக் கப்பற்படை புயலில் சேதமுற்று விலகிவிட, அமெரிக்கத் தளபதி சல்லிவனின் படை நியூபோர்ட் இருந்த தீவைவிட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று. துரத்தி வந்த ஜெர்மானியக் கூலிப்படையினர் வலப்பக்க அரணை அடுத்தடுத்துத் தாக்கினார்கள். மூன்று முறை மோதியும் அந்த அரண் விழவில்லை. காத்து நின்றவர்களில், சில மாதங்களுக்கு முன்புவரை பிறரின் வயல்களிலும் சமையலறைகளிலும் உழைத்தவர்கள் இருந்தார்கள். அன்றைய நாளின் பெருமையில் இந்த ரெஜிமென்டுக்கும் உரிய பங்கு உண்டு என்று சல்லிவன் தம் படை ஆணையில் அறிவித்தார். சல்லிவனின் படை மறுநாள் இரவு தீவைவிட்டுத் தப்பியது.

நேரம் நெருங்குவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஆகவே மற்றவற்றைச் சுருக்கிவிடுகிறேன். 1781 மே மாதத்தில் குரோட்டன் ஆற்றங்கரையில், மன்னருக்கு விசுவாசமான படையினரின் திடீர்த் தாக்குதலில் கர்னல் கிரீன் கொல்லப்பட்டார். அதே ஆண்டு, மற்றொரு ரோட் ஐலண்ட் அணியோடு இணைக்கப்பட்டிருந்த இந்தப் படையைக் கண்ட பிரெஞ்சு முகாமின் அதிகாரி ஃபான் குளோசன், உடையிலும் ஆயுதப் பயிற்சியிலும் இவர்களே நேர்த்தியானவர்கள் என்று குறித்துவைத்தார். அக்டோபரில் ஆங்கிலேயப் படையைச் சரணடைய வைத்த யார்க்டவுன் முற்றுகையிலும் இவர்கள் இருந்தார்கள். 1783 ஜூனில் சரடோகாவில் படை கலைக்கப்பட்டபோது சம்பள பாக்கி தீரவில்லை. 1818ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே ஏழ்மையிலிருந்த பழைய வீரர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்க வழி பிறந்தது.

குடும்பங்களைப் பற்றி ஒரு சொல். 1778ஆம் ஆண்டுச் சட்டம் படையில் சேர்ந்தவரை மட்டுமே விடுவித்தது. அவருடைய மனைவியும் மக்களும் அடிமைகளாக இருந்தால் அவர்கள் அப்படியே இருந்தார்கள். போர் முடிந்த பின் 1784இல் ரோட் ஐலண்ட் மற்றொரு சட்டம் கொண்டுவந்தது. அவ்வாண்டு மார்ச் 1க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகள் மட்டும் அடிமைகள் ஆகமாட்டார்கள் என்றது அது. முன்பே பிறந்துவிட்டவர்களை அது தொடவில்லை. வணக்கம்.