வெனிஸ் நகரத்து 'அடியேன்'

நேயர்களுக்கு வணக்கம். இத்தாலியர்கள் சந்திக்கும்போதும் விடைபெறும்போதும் ஒரு சொல் சொல்வார்கள்: 'சாவோ'. வேகமாகச் சொன்னால் நம் காதில் 'சாவு' என்றே விழும். காலை வேளையில் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இன்று ஜெர்மானியர், பல்கேரியர், லிதுவேனியர் என்று பாதி ஐரோப்பா இதைச் சொல்லித்தான் கையசைக்கிறது.

பொருள்? அடிமை. வெனிஸ் பேச்சில் 'ஸ்-சாவோ' என்றால் 'உங்கள் அடிமை'. அதாவது நம் 'அடியேன்'. என் பெரியப்பா பழுத்த வைணவர். தொலைபேசி மணி அடித்தால் ரிசீவரை எடுத்து 'அடியேன்' என்பார். ஒருமுறை எதிர்முனையில் இருந்தவர், "சரியப்பா, வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் கூப்பிடு" என்றாராம். பெரியப்பா ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி எடுத்து, "அடியேன்" என்றாராம்!

பெரியப்பாவின் அடியேனுக்குள் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர் எவரும் இல்லை. சாவோவுக்குள் இருக்கிறார்கள். லத்தீனில் அடிமைக்கு முதலில் இருந்த சொல் 'செர்வுஸ்'. இடைக்காலத்தில் அது மெல்லப் பண்ணையாளைக் குறிக்கத் தொடங்கியது. அதே காலத்தில் கிழக்கு ஐரோப்பாவின் ஸ்லாவ் இன மக்களைப் பிடித்துச் சந்தை சந்தையாக விற்றார்கள். விற்பனைக்கு நிற்பவர் ஸ்லாவ், ஸ்லாவ் என்றே கேட்டுக் கேட்டு, அந்தப் பெயரே அடிமைக்குச் சொல்லாகிவிட்டது. பிரெஞ்சில் எஸ்க்லாவ், ஜெர்மனில் ஸ்க்லாவெ, ஆங்கிலத்தில் ஸ்லேவ், வெனிஸில் நம் ஸ்-சாவோ. மறுபடியும் சொல்கிறேன், அது ஓர் இனத்தின் பெயர். 'ஸ்லோவோ', அதாவது 'சொல்', என்பதிலிருந்து அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் என்பது அறிஞர் பலரின் கருத்து. பேச்சுடையோர்! பேச்சு விளங்காத ஜெர்மானியரை அவர்கள் ஊமையர் என்றார்கள். ரஷ்ய மொழியில் ஜெர்மானியருக்கு இன்றும் அந்தப் பெயர்தான்.

வெனிஸில், அந்நகரை ஆண்ட தலைவரான தோஜேயின் அரண்மனைக்கு முன்னால் தொடங்கும் படகுத்துறைக்கு 'ரீவா தெல்யி ஸ்கியாவோனி', ஸ்லாவ்களின் துறை, என்று பெயர். அங்கே சரக்கோடு வந்து இறங்கியவர்கள் கடலுக்கு எதிர்ப்புறம், இன்றைய குரோவேஷியாவில் உள்ள தல்மாத்தியக் கரையின் வணிகர்கள், அடிமைகள் அல்லர். பெயர் மட்டும் அதே வேரிலிருந்து வந்தது. இன்று அந்தத் துறையில் நின்றுதான் சுற்றுலாப் பயணிகள் 'சாவோ' சொல்லிப் பழகுகிறார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் ஒற்றை விரல் காட்டுகிறார். செர்வுஸின் கதையை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். இனி ஒரு வரிதான். ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் ஹங்கேரியிலும் அந்தப் பழைய செர்வுஸும் நண்பர்கள் சொல்லும் வணக்கமாகிவிட்டது.